தூண்டிலில் வந்த பச்சைக் கண் மீன்: இது சுறாவா, வேறு ஏதாவதா?

எட்மண்ட்ஸ்காரன்:

வணக்கம். சியாட்டலுக்கு வடக்கே எட்மண்ட்ஸில் குடியிருக்கிறேன், மீன்பிடிப்பில் கத்துக்குட்டி. போன வாரம் ராத்திரி பியரில் (கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடை) இருந்து இறால் துண்டு மாட்டி அடியில் கிடக்கும்படி போட்டிருந்தேன், பிளவுண்டர் என்கிற தட்டை மீன் ஏதாவது வரும் என்று. பெரிய இழுவை ஒன்றும் இல்லை, பாசி சிக்கிக்கொண்டது என்று நினைத்துத்தான் சுற்றினேன். மேலே வந்ததைப் பார்த்ததும் பையன் பின்வாங்கிவிட்டான்.

இரண்டடி நீளம் இருக்கும், அதில் பாதி வால். மீன் வால் மாதிரி விரிந்ததில்லை, மெலிந்துகொண்டே போய்க் கூராக முடிகிறது. உடம்பில் செதிலே இல்லை, தோல் வழவழவென்று வெண்கல நிறத்தில் மின்னுகிறது, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். மூக்கு மழுங்கி முன்னால் நிற்கிறது, வாய் கீழே சின்னதாக, முயல் பல் மாதிரி இரண்டு தகடு தெரிகிறது. கண்தான் பயங்கரம், டார்ச் அடித்தால் மரகதப் பச்சையாகத் திருப்பி அடிக்கிறது. முதுகில் நிமிர்ந்த ஒரு முள். நெற்றியில் ஏதோ சதைக் கட்டி போல ஒன்று, வயிற்றுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு சில உறுப்புகள்.

கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டேன். பையன் போனில் தேடி "பேய்ச் சுறா, ஆழ்கடல் மீன், அபூர்வம்" என்று படித்துக் காட்டுகிறான். ஆழ்கடல் மீன் பியருக்கு ஏன் வந்தது, கடலில் ஏதாவது கோளாறா? அது சுறாதானா? முள்ளில் விஷம் உண்டா? அப்புறம் சாப்பிடலாமா, இதை வீட்டம்மா கேட்கச் சொன்னார்.

கடலடிக் கண்ணாடி:

கோளாறும் இல்லை, அபூர்வமும் இல்லை. நீங்கள் பிடித்தது ஸ்பாட்டட் ராட்ஃபிஷ், அறிவியல் பெயர் ஹைட்ரோலேகஸ் கோலியை. சியாட்டலை ஒட்டி உள்ளே நுழைந்திருக்கும் கடற்பகுதியான ப்யூஜெட் சவுண்டின் அடித்தரையில் இழுவை வலை போட்டு ஆய்வு செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வலையில் மற்ற எல்லா மீனையும்விட எடையில் இதுதான் அதிகம் வரும் என்பார்கள். உங்கள் காலடியில் இருந்த தண்ணீரில் அன்றைக்கு ராத்திரி இன்னும் பல இருந்திருக்கும்.

"ஆழ்கடல் மீன்" என்று பையன் படித்ததும் தப்பில்லை, இந்தக் கூட்டத்தின் பொதுக்குணம் அது. கைமீரா எனப்படும் இந்த வகையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத சரிவுகளில் வாழ்கின்றன, மனிதன் அவற்றை உயிரோடு பார்ப்பதே அரிது. கரைக்குப் பக்கத்தில் வாழ்கிறவை கைவிட்டு எண்ணக்கூடியவை. தென் அரைக்கோளத்தில் யானைமீன் என்று மூன்று இனம் இருக்கிறது (ஆஸ்திரேலியா நியூசிலாந்துப் பக்கம் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் ஒன்று, தென் அமெரிக்காவில் ஒன்று), வட பசிபிக்கின் இந்தக் கரையில் நம் ராட்ஃபிஷ். இதன் எல்லை தென்கிழக்கு அலாஸ்காவில் தொடங்கி பாஹா கலிபோர்னியா வரை, அதற்கப்பால் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் தனியாக ஒரு கூட்டம் பிரிந்து கிடக்கிறது.

இதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும், ஏழெட்டு டிகிரி செல்சியஸ் சுற்றி. ஆழத்தைவிட இதுதான் முக்கியம். தெற்கே கலிபோர்னியாவில் மேல்தண்ணீர் சூடு, அதனால் அங்கே ஆழத்துக்குப் போய்விடுகிறது. வடக்கே நம் பக்கம் மேல்தண்ணீரும் ஜில்லென்றே இருப்பதால் முழங்கால் தண்ணீரில்கூடப் பார்த்தவர்கள் உண்டு, அதே இனம் 900 மீட்டர் ஆழத்திலும் கிடைத்திருக்கிறது. சேறும் மணலும் சின்னக் கூழாங்கல்லும் கலந்த தரையைத்தான் விரும்பும், பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மீன் இல்லை. பகலில் ஆழத்தில் இருக்கும், இருட்டியதும் மேட்டுப்பக்கம் ஏறி வந்து மேயும். ஒலிக்குறிக் கருவி பொருத்தி ப்யூஜெட் சவுண்டில் பின்தொடர்ந்தபோதும் இதே நடமாட்டம்தான் தெரிந்தது. நீங்கள் ராத்திரி, அடித்தரையில், இறால் போட்டிருக்கிறீர்கள், பிறகு வராமல் என்ன செய்யும்.

முள்ளைப் பற்றி: ஆமாம், விஷம் உண்டு. முதல் முதுகுத் துடுப்பின் முன்னால் நிற்கும் முள்ளோடு ஒட்டி நச்சுத் திசு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம், ஆனால் குத்தினால் வலியும் வீக்கமும் நன்றாகவே வாட்டும். குத்தினால் காயத்தைக் கழுவி, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் முக்கி வையுங்கள், மீன்முள் விஷத்துக்குப் பொதுவாகச் சொல்லும் வைத்தியம் அதுதான். முள் உள்ளே ஒடிந்திருந்தால் வீட்டில் தோண்டாமல் டாக்டரிடம் போங்கள். அடுத்த முறை மாட்டினால் கையால் உடம்பைப் பிடிக்காமல், தண்ணீர் மட்டத்திலேயே வைத்து நீள மூக்குக் குறடால் கொக்கியைக் கழற்றுங்கள். வாயில் விரலும் வேண்டாம், நண்டு ஓட்டை உடைக்கிற வாய் அது.

மணலூர் வாத்தியார்:

சுறாவா என்ற கேள்விக்கு நான் வருகிறேன், உயிரியல் பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை.

சுறாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். ஆனால் இரண்டு கிளையும் பிரிந்து ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே பிரிந்தவர்களை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. "பேய்ச் சுறா" என்ற பெயர் செய்தித்தாள்களுக்குப் பிடித்துப் போனதால் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வித்தியாசங்களைப் படம் எடுத்திருந்தால் நீங்களே பார்க்கலாம். சுறாவுக்குக் கழுத்தருகே ஐந்து செவுள் பிளவுகள் தெரியும், சிலவற்றுக்கு ஆறோ ஏழோ. இதற்கு எலும்பு மீன்களைப் போல ஒரே ஒரு திறப்பு, அதன்மேல் ஒரு சதை மூடி. சுறாவின் மேல்தாடை மண்டையோடு ஒட்டாமல் தொங்கும், கடிக்கும்போது முன்னால் தள்ளும், இதன் மேல்தாடை மண்டையோடு ஒன்றாகப் பிணைந்துவிட்டது. சுறாவுக்குப் பல் விழ விழப் புதுப்பல் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும், இதற்கு விழுகிற பல்லே கிடையாது. மேலே இரண்டு ஜோடி, கீழே ஒரு ஜோடி, ஆக ஆறு தகடுகள். அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே தேயும். நண்டு, மட்டி, இறால், புழு, சின்ன மீன் எல்லாவற்றையும் அந்தத் தகடுகளுக்கு இடையில் வைத்து நொறுக்கிவிடும். சுறாவின் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருப்பது அதில் பதிந்த பல் போன்ற நுண்செதில்களால், இது அவற்றை அநேகமாக முழுதும் இழந்துவிட்டதால்தான் உங்களுக்கு வழவழப்பாகத் தெரிந்தது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இதற்கு இரைப்பை கிடையாது. உணவுக்குழாய் நேராகக் குடலில் போய்ச் சேர்கிறது, குடலுக்குள்ளே சுருள் படிக்கட்டு போன்ற மடிப்பு ஒன்று உணவை மெதுவாக இறங்கவிட்டுச் சத்தை உறிஞ்சுகிறது. அமிலம் சுரந்து ஓட்டைக் கரைக்கிற வேலை உள்ளே நடக்காது, அதனால் வாயிலேயே நன்றாக நொறுக்கிவிட வேண்டியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

காற்றுப்பையும் இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் மிதக்க உதவுகிறது. வாலை அடித்து நீந்துவது குறைவு, அகன்ற மார்புத் துடுப்புகளை மேலும் கீழும் அசைத்துத்தான் போகும், பார்த்தால் பறப்பது போலவே இருக்கும். இருட்டில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால், கண் ஒரு பங்குதான். மூக்கைச் சுற்றி இருக்கும் சிறு துளைகள் வழியாக, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் நண்டின் உடம்பிலிருந்து கசியும் நுண்ணிய மின்சாரத்தை உணர்ந்துகொள்ளும். இந்தப் புலன் சுறாவுக்கும் திருக்கைக்கும் உண்டு.

நெற்றிக் "கட்டி" பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வகுப்பு இருக்கிறது, பிறகு வருகிறேன். ஒன்று மட்டும், நீங்கள் பிடித்தது ஆண்.

பழைய தூண்டில்:

எல்லோரும் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள். இருபது வருஷமாக டகோமா பக்கம் மீன் பிடிக்கிறேன், என் அனுபவத்தில் இதைப் போல உபத்திரவம் வேறில்லை. லிங்காட் என்கிற பெரிய மீன் கிடைக்கும் என்று போனால் இது, பிளவுண்டருக்குப் போட்டால் இது. தின்னவும் ஆகாது, தூண்டில் இரையையும் வீணாக்கிவிடும், கையில் குத்தும் வேறு. எங்கள் பியரில் பல பேர் திரும்பத் தண்ணீரில் விடுவதே இல்லை, பலகையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதைக் குறைத்தால்தான் மற்ற மீன் பெருகும் என்பது என் கட்சி.

எட்மண்ட்ஸ்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பையன் "இரைப்பை இல்லை" என்பதை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டான், டீச்சர் நம்பவில்லையாம்.

வாத்தியார் சார், நெற்றிக் கட்டிக்காகக் காத்திருக்கிறோம். இன்னொரு கேள்வி. போன கோடையில் விட்பி தீவுக் கரையில் ஒரு பழுப்பு நிறப் பொருள் கிடைத்தது, ஒரு சாண் இருக்காது, கெட்டியான தோல் மாதிரி, ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கி, ஓரத்தில் கீற்றுக் கீற்றாக. ஏதோ விதை என்று நினைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். படத்தைத் தேடியபோது இந்த மீனின் முட்டை போலவே இருக்கிறது. சரியா?

கடலடிக் கண்ணாடி:

சரிதான், அது ராட்ஃபிஷ் முட்டை உறை. கரையில் ஒதுங்கியது என்றால் பெரும்பாலும் குஞ்சு வெளியேறிய காலி உறையாக இருக்கும். ஓரத்தில் ஒரு பிளவு இருக்கிறதா பாருங்கள், குஞ்சு அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

முட்டை இடும் விதம் பொறுமையைச் சோதிக்கிற விஷயம். ஒரு தடவைக்கு இரண்டு, இரண்டு கருக்குழாயிலிருந்தும் ஒவ்வொன்று. ஒரு முட்டை உடம்பை விட்டு முழுதாக வெளியே வர 18 முதல் 30 மணி நேரம் ஆகும். வெளியே வந்த பிறகும் விழுந்துவிடாது, மெல்லிய ஓர் இழையில் நாலைந்து நாள் தாயின் உடம்பில் தொங்கிக்கொண்டே திரியும். முட்டை தொங்கத் தொங்க நீந்திப் போகிற தாயை முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ ஒட்டுண்ணி பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் சேற்றிலோ சரளையிலோ போய் நிற்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு ஜோடி என்று வசந்தத்தில் இருந்து இலையுதிர் காலம் வரைக்கும் இட்டுக்கொண்டே இருக்கும்.

அதன் பிறகு தாய்க்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் குஞ்சு மஞ்சள் கருவைத் தின்றே வளர வேண்டும், பொரிக்க ஒரு வருஷம் வரை ஆகலாம். வெளியே வரும்போது அது ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், பெரிய மீனின் அதே வடிவம், பாதி வால்தான்.

பழைய தூண்டில் அண்ணனுக்கு: உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். காட் மாதிரி மீன் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். இது இரண்டிரண்டாகப் போடுகிறது, அதுவும் பொரிக்க ஒரு வருஷம். இன்றைக்கு ஏராளமாக இருக்கிறது என்பதால் எவ்வளவு எடுத்தாலும் நிரம்பிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அழியும் ஆபத்தைக் கணிக்கிற சிவப்புப் பட்டியலில் கவலை இல்லாத இனமாகத்தான் வைத்திருக்கிறார்கள், அழிகிறது என்று நானும் புலம்பவில்லை. லிங்காட்டையும் ஹாலிபட்டையும் பெருக்க வேண்டும் என்கிறீர்கள், அவை இரண்டும் ராட்ஃபிஷைத் தின்கிற மீன்கள். ஆறு செவுள் சுறா, டாக்பிஷ் என்கிற சின்னச் சுறா, சீல் (கடல்நாய்), எல்லாமே இதைத் தின்கின்றன. உங்களுக்கு வேண்டிய மீனின் சோற்றைப் பலகையில் காயப்போட்டு அந்த மீன் எப்படிப் பெருகும்? அப்புறம் பிடித்த மீனை வேண்டுமென்றே வீணாக்குவதற்கு மாநில விதிகள் என்ன சொல்கின்றன என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தூண்டில்:

சீல் தின்கிறது என்கிறீர்கள், முள் தொண்டையில் குத்தாதா?

கடலடிக் கண்ணாடி:

குத்தும், செத்தும் போயிருக்கின்றன. ப்யூஜெட் சவுண்டையும் சேர்த்துச் சொல்லும் சேலிஷ் கடலின் கரையில் ஒதுங்கிய சீல்களை அறுத்துப் பார்த்தபோது சிலவற்றில் ராட்ஃபிஷ் முள் உணவுக்குழாயையோ வயிற்றையோ துளைத்து, அங்கிருந்து உடம்புக்குள்ளே நகர்ந்து சாவுக்குக் காரணமாகியிருந்தது, 2012-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. முள்ளின் விளிம்பில் ரம்பப் பற்கள் இருப்பதால் உள்ளே போனால் பின்னால் வராது, முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். எல்லாச் சீலும் சாவதில்லை, பெரும்பாலானவை தின்றுவிட்டுப் போகின்றன.

மணலூர் வாத்தியார்:

வந்துவிட்டேன். இப்போது நெற்றி.

அதற்கு டெனாகுலம் என்று பெயர். கட்டி இல்லை, மடக்கி வைத்த ஓர் உறுப்பு. கண்களுக்கு நடுவே சற்று மேலே ஒரு குழிக்குள் படிந்து கிடக்கும், வேண்டும்போது வெளியே நிமிரும், நுனி குண்டாக இருக்கும், அதன் அடிப்பக்கம் முழுக்கக் கொக்கி கொக்கியாக முட்கள். கலவியின்போது ஆண் இதைக் கொண்டு பெண்ணின் மார்புத் துடுப்பைக் கவ்விப் பிடிக்கும். கை கால் இல்லாமல் தண்ணீரில் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேறு வழி என்ன இருக்கிறது. அது போதாது என்று வயிற்றுத் துடுப்புக்கு முன்னால் இன்னொரு ஜோடிப் பிடிப்புறுப்பு, அதற்குப் பின்னால் விந்தைச் செலுத்தும் ஒரு ஜோடி உறுப்பு. நீங்கள் வயிற்றுப் பக்கம் பார்த்தவை இவைதான். பின்னால் இருக்கும் ஜோடி சுறாவுக்கும் உண்டு. முன்னால் இருப்பதும் நெற்றியில் இருப்பதும் கைமீராக்களின் தனிச் சொத்து.

இப்போது சுவையான இடத்துக்கு வருகிறேன். அந்த நெற்றிக் கொக்கிகள் என்ன என்பது வெகுநாள் கேள்வி. தோலில் இருந்து வந்த நுண்செதில் பெரிதாகி ஆனதா, இல்லை உண்மையான பல்லா? சுறாத்தோல் செதிலும் பல்லும் ஒரே மாதிரிப் பொருளால் ஆனவை என்பதால் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, சான் ஹுவான் தீவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகமும் ஃபுளோரிடா, சிகாகோ பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதே ராட்ஃபிஷை எடுத்து, குஞ்சில் இருந்து வளர்ந்த மீன் வரை நெற்றி எப்படி மாறுகிறது என்று ஸ்கேன் செய்தும் திசுவை வெட்டிப் பார்த்தும் 2025 செப்டம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அவை பற்கள்தான். பல் முளைப்பதற்கு வாய்க்குள்ளே ஒரு திசுப் பட்டை வேண்டும், நமக்கும் குழந்தைப் பருவத்தில் தாடையில் அது இருந்துதான் பல் வந்தது. முதுகெலும்பிகளில் அது தாடையில் மட்டும்தான் இருக்கும் என்று எல்லோரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். இந்த மீனின் நெற்றியிலும் அதே பட்டை இருக்கிறது, பல்லுக்கான மரபணுக்களும் அங்கே வேலை செய்கின்றன, சுறாவின் தாடையில் வருவது போல வரிசை வரிசையாக அதிலிருந்து பல் புறப்படுகிறது.

யோசித்துப் பாருங்கள், வாய்க்குள்ளே பல் வரிசையைத் தொலைத்துவிட்டுத் தகடு வைத்துக்கொண்ட மீன், நெற்றியில் பல் வரிசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது! அதே குழுவினர் பழைய தொல்லுயிர் ஒன்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 31 கோடி ஆண்டுக்கு முந்தைய கைமீரா உறவுக்காரன். அதில் இந்த உறுப்பு மேல்தாடையை ஒட்டி, வாய்க்கு வெகு அருகில் இருக்கிறது, பற்களும் தாடைப் பற்களைப் போலவே இருக்கின்றன. அப்படியென்றால் வாயில் தொடங்கிய அமைப்பு காலப்போக்கில் நெற்றிக்கு ஏறியிருக்கிறது. பெண் மீனிலும் குஞ்சாக இருக்கும்போது இதன் தொடக்கம் தென்படுகிறது, வளராமல் நின்றுவிடுகிறது.

பையனின் டீச்சருக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்.

தெம்பனிஸ் தமிழன்:

சிங்கப்பூரில் இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. இந்த மீனின் உறவினரான ஆஸ்திரேலிய யானைமீனின் முழு மரபணுத் தொகுப்பை இங்கே பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழுதான் படித்து 2014 ஜனவரியில் வெளியிட்டது. அளவில் மனித மரபணுத் தொகுப்பின் மூன்றில் ஒரு பங்குதான், அதனால்தான் குருத்தெலும்பு மீன்களில் முதலில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் தெரிந்தது, அதுவரை படிக்கப்பட்ட முதுகெலும்பிகளில் மிக மெதுவாக மாறியது அதுதான், பழங்கால மீன் என்று பெயரெடுத்த சீலகாந்தையும்விட மெதுவாக. எலும்பில் கால்சியம் படிய உதவும் ஒரு மரபணுக் குடும்பம் அதனிடம் இல்லை என்பதும் தெரிந்தது, குருத்தெலும்பு ஏன் எலும்பாக மாறவில்லை என்பதற்கு அது ஒரு பதில். வாத்தியார் சொன்ன இரைப்பைக்கும் இங்கே சாட்சி இருக்கிறது, அமிலம் சுரக்கவும் அதில் புரதத்தைச் செரிக்கவும் வேண்டிய மரபணுக்கள் யானைமீனில் தொலைந்து போயிருக்கின்றன.

"மாறவே மாறாத மீன்" என்று இதை வைத்துச் செய்தி எழுதினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றியில் பல் முளைத்த கூட்டத்தைப் பார்த்து மாறவில்லை என்று எப்படிச் சொல்வது?

முத்துநகர் மீனவன்:

சாப்பிடலாமா என்று அந்தம்மா கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே, அதனால் நான் வருகிறேன். ஊர் தூத்துக்குடி, கொச்சியில் மீன் ஏற்றுமதி வேலையில் இருந்தவன்.

ராட்ஃபிஷ் விஷ மீன் இல்லை, முள்ளை நீக்கிவிட்டால் சதையைத் தின்னலாம். ஆனால் சப்பென்று இருக்கும், தின்ற பிறகு நாக்கில் ஒரு மாதிரியான சுவை நிற்கும் என்று அந்தக் கரையில் எல்லோரும் சொல்கிறார்கள். வாலையும் தலையையும் ஈரலையும் கழித்தால் மிஞ்சுவதும் கொஞ்சம்தான். நியூசிலாந்தில் யானைமீனை வறுத்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள், இதற்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஈரல் எண்ணெய்க்கு மட்டும் மரியாதை இருந்தது, நுட்பமான இயந்திரங்களுக்கும் துப்பாக்கிக்கும் போடுகிற மசகெண்ணெயாக. இன்றைக்கு இதற்கென்று யாரும் வலை போடுவதில்லை, மற்ற மீனுக்கு இழுக்கும்போது வந்து சேர்வதுதான்.

நம் பக்கமும் இந்தக் கூட்டத்தில் ஒன்று உண்டு. கொச்சி துறைமுகத்தில் ஆழ்கடல் சுறா கொண்டுவரும் படகுகளில், நீண்ட ஈட்டி மூக்கோடு நியோஹாரியோட்டா பின்னேட்டா என்ற கைமீரா வந்து இறங்கும். அரபிக்கடல் சரிவில் சில நூறு மீட்டர் ஆழத்து மீன் அது, உங்கள் பியர் மீனைப் போலக் கரைக்கு வராது. கறிக்கு வாங்க ஆள் இல்லை, அங்கேயும் ஈரல் எண்ணெய்க்குத்தான் விலை.

எட்மண்ட்ஸ்காரன்:

சரி, சாப்பாட்டு யோசனையைக் கைவிட்டாயிற்று. பையன் உயிரோடு மறுபடி பார்க்க வேண்டும் என்கிறான், தூண்டில் போடாமல் எங்கே பார்க்கலாம்? எனக்கு டைவிங் தெரியாது, தம்பிக்குத் தெரியும்.

கடலடிக் கண்ணாடி:

தம்பியை மேற்கு சியாட்டலில் ஆல்கை பக்கம் இருக்கும் கோவ் 2-க்கு ராத்திரி டைவுக்கு அனுப்புங்கள், ப்யூஜெட் சவுண்டில் பலரும் முதல் ராட்ஃபிஷைப் பார்த்த இடம் அது. அறுபதடிக்குக் கீழே சேற்றுச் சரிவில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். முதலில் தெரிவது கண் பச்சைதான், தூரத்தில் இரண்டு புள்ளி. நேராக வெளிச்சம் அடித்தால் குழம்பிப்போய் முகமூடியில் வந்து மோதுவதும் உண்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிதானமாக நின்று மேயும். முள் இருப்பதால் கை நீட்ட வேண்டாம். ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூட்டமாகத் திரிகிற பழக்கம் இருப்பதால், ஒரு ராத்திரியில் பார்த்ததெல்லாம் பெண்ணாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பெண்தான் உருவில் பெரியது.

பையனுக்கு அக்வேரியம்தான் வழி. இதற்குக் குளிர்ந்த தண்ணீரும் மங்கலான வெளிச்சமும் வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் வைப்பதில்லை, இந்தக் கரையோர ஊர்களில் அவ்வப்போது வைத்திருப்பார்கள். கிளம்பும் முன் போன் செய்து "ராட்ஃபிஷ் இப்போது பார்வைக்கு இருக்கிறதா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை உறையையும் எடுத்துப் போங்கள், அங்கே இருக்கும் தன்னார்வலர்கள் பிளவு எந்தப் பக்கம் என்று காட்டித் தருவார்கள்.

மணலூர் வாத்தியார்:

கூடவே ஒன்று கேட்டுப் பாருங்கள். 2007-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நீங்கள் முட்டை எடுத்த அதே விட்பி தீவுப் பக்கம் முழுக்க வெளிறிய ஒரு ராட்ஃபிஷைப் பிடித்தார்கள், நிறமியே இல்லாத மீன், புள்ளியும் இல்லை வெண்கலமும் இல்லை. லட்சக்கணக்கில் மீன் சேர்த்து வைத்திருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துச் சேகரிப்பின் பொறுப்பாளரே அப்படி ஒரு மீனை அதற்கு முன் பார்த்ததில்லை. அபூர்வம் என்று பையன் சொன்னானே, அந்தச் சொல் அதற்குத்தான் பொருந்தும். அது சேகரிப்பில் எங்கே இருக்கிறது, பொதுமக்கள் பார்க்க முடியுமா என்று விசாரித்துச் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.